வாய்மூடி நாளில் பேசியவர்கள்

முன்னொரு காலத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே அடங்கிக் கிடந்த ஒரு சின்ன நாட்டை இளவழுதி என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்ல அரசன்தான். குடிகளிடம் பிரியம் உள்ளவன். கோபம் வந்தாலும் பாதிச் சோற்றில் மறந்துவிடுவான். அவனுக்கு ஒரே ஒரு பலவீனம் இருந்தது. திருவிழா முடிந்த மறுநாளை அவனால் தாங்கவே முடியாது.

அந்த ஆண்டு பங்குனித் திருவிழா பத்து நாள் அமர்க்களமாக நடந்தது. பதினோராம் நாள் காலையில் அரசன் மேல்மாடத்தில் வந்து நின்றான். கீழே பந்தல்காரர்கள் மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வாடிய தோரணத்தை ஓர் ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நேற்று ஆயிரம் பேர் நின்ற வீதியில் ஒரு கிழிந்த விசிறி மட்டும் கிடந்தது. அதற்குமேல் அரசன் அங்கே நிற்கவில்லை.

நேராகச் சபைக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"இனிமேல் நம் நாட்டில் திருவிழாவுக்கு மறுநாள் என்று ஒன்று இருக்கக் கூடாது. ஆண்டின் ஒவ்வொரு நாளும் ஒரு கொண்டாட்டமாக இருக்க வேண்டும். ஒருமுறை வந்தது திரும்ப வரக் கூடாது. இது நம் கட்டளை!" என்றான்.

சபையில் விழா அதிகாரி என்று ஒருவர் இருந்தார். பெயர் திரியம்பகர். எந்தத் திருவிழா எந்த நாளில் என்று குறித்துக் கொடுப்பது ஏழு தலைமுறையாக அவர் குடும்பத்தின் உரிமை. அவர் எழுந்து வணங்கினார்.

"அரசே, விழா என்றால் திதி வேண்டும், நட்சத்திரம் கூட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஆண்டுக்கு நாற்பத்திரண்டுக்கு மேல் தேறாது. தினம் ஒரு விழா என்பது நடக்காத காரியம்."

அரசனின் முகம் தொங்கிப்போயிற்று. அப்போது சபையின் ஓரத்திலிருந்து 'ஆஆவ்' என்று ஒரு பெரிய கொட்டாவிச் சத்தம் வந்தது. கொட்டாவி விட்டவன் உத்தண்டி, அரண்மனை விகடகவி. அரசனும் அவனும் ஒரே வயது. அரசனுக்கு மனம் சரியில்லை என்றால் முதலில் தேடுவது அவனைத்தான்.

"நாம் துயரத்தில் இருக்கிறோம். உனக்குக் கொட்டாவியா?" என்றான் அரசன்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. இன்று கொட்டாவித் திருநாள். கொண்டாடிக்கொண்டிருக்கிறேன்."

சொல்லிவிட்டு இன்னொன்று விட்டான். பக்கத்திலிருந்த சேனாதிபதிக்கு வாய் கோணிற்று. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, பெரிதாக விட்டார். அவரைப் பார்த்து மந்திரி, மந்திரியைப் பார்த்துச் சாமரம் வீசும் பெண்கள். கடைசியில் அரசனும் கண்ணில் நீர் வர ஒரு கொட்டாவி விட்டான்.

"பார்த்தீர்களா? முரசுகூட அறையவில்லை, விழா தானாகப் பரவிவிட்டது," என்றான் உத்தண்டி.

அரசன் தொடையில் தட்டிச் சிரித்தான். அந்தக் கணமே நாள்களுக்குப் பெயர் வைக்கும் வேலை உத்தண்டிக்குப் போயிற்று. திரியம்பகர் சிரிக்கவில்லை. ஏழு தலைமுறை உரிமை ஒரு கொட்டாவியில் போனால் யாருக்குச் சிரிப்பு வரும்?

அன்று முதல் தினமும் ஓர் ஓலை வெளிவந்தது. இன்று செருப்புக்கு நன்றி சொல்லும் நாள். இன்று கழுதைக்கு மாலை போடும் நாள். இன்று தும்மினால் எதிரில் இருப்பவர் கைதட்டும் நாள். இன்று கணவன் பெயரை மனைவியும் மனைவி பெயரைக் கணவனும் வைத்துக்கொள்ளும் நாள். செலவு கிடையாது, பந்தல் கிடையாது, விருப்பம் உள்ளவர் கொண்டாடலாம். ஊருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கழுதை நாளில் வண்ணார் தெருவில் நாற்பது கழுதைகள் செவ்வந்தி மாலையோடு நின்றன. மாலையை மாலைக்குள் அவையே தின்றுவிட்டன. அவரவர் சமையலை அவரவர் செய்யும் நாளில் அரசனே அடுப்பூதி, கஞ்சியைக் கருக்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். அதற்குப் பிறகு மடைப்பள்ளிக்காரர்களை அவன் ஒருநாளும் அதட்டவில்லை.

இப்படி நான்கு மாதம் போயிற்று. ஆடி வந்தது, ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தது, வயலில் நடவு தொடங்கியது. அன்று மரத்தைக் கட்டிக்கொள்ளும் நாள். அரசன் பட்டாடை உடுத்திக்கொண்டு, ஊர் நடுவில் இருந்த பெரிய வேம்பைக் கட்டிக்கொள்ளப் போனான். யாருமே வரவில்லை. எல்லோரும் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார்கள். அரசன் தனியாக அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான். தோளில் எறும்பு கடித்த தடிப்பு வேறு.

திரியம்பகர் இதற்காகவே காத்திருந்தவர்போல வந்தார்.

"அரசே, பயம் இல்லாத இடத்தில் மதிப்பு இருக்காது. நாளைக் கொண்டாடத் தவறியவர் ஓராண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள். அப்புறம் பாருங்கள், மரம் போதாது."

உத்தண்டி பதறினான். "வேண்டாம் மகாராஜா. மிரட்டிச் சிரிக்க வைத்தால் வாய்தான் வலிக்கும்."

புண்பட்ட மனத்துக்கு அந்தச் சொல் ஏறவில்லை. "நாள்களை உருவாக்கியவன் நீ. அவற்றைக் காக்க நாம் சட்டம் போட்டால் தடுப்பவனும் நீயா? உனக்கும் அவை விளையாட்டாகப் போய்விட்டனவா?" என்று கேட்டுவிட்டு அரசன் முத்திரையை அழுத்தினான். அதன்பின் இருவருக்கும் இடையே பேச்சுக் குறைந்தது. உத்தண்டி ஓலையை எழுதி வாயிற்காவலனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான். அரசனும் கூப்பிடவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் பாட்டு நாள் வந்தது. ஊரே தொண்டை கிழியப் பாடித் தீர்த்தது. தொண்டைக்கு ஓய்வு வேண்டுமே என்று உத்தண்டி மறுநாளை வாய்மூடி நாள் என்று எழுதினான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை யாரும் பேசக் கூடாது. வேடிக்கையாக நினைத்துத்தான் எழுதினான்.

அன்று உச்சிவேளையில் நெசவாளர் தெருவில் சிங்காரன் என்பவனின் மனைவி பூவாயிக்குப் பிரசவவலி. தலைப்பிள்ளை. மருத்துவச்சி மருதாயி உள்ளே இருந்தாள். சுற்றியிருந்த ஏழு தெருவுக்கும் அவள் ஒருத்திதான். காலையிலிருந்து கையாலும் கண்ணாலும் சைகை காட்டியே சமாளித்தாள். பிள்ளையின் தலை தெரிந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பூவாயியோ வலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தாள். சைகையை யார் பார்ப்பது?

"முக்காத தாயி! நிறுத்து! மூச்ச மட்டும் விடு!" என்று மருதாயி கத்தினாள். பூவாயி நிறுத்தினாள். கொடி விலகியது. பிள்ளை பிறந்தது.

அதே நேரம் திரியம்பகர் காவலர்களோடு அந்தத் தெருவில் பல்லக்கில் வந்துகொண்டிருந்தார். யாராவது பேசிவிட மாட்டார்களா என்பதற்காகவே வந்த பல்லக்கு அது. மருதாயி தொப்புள்கொடியை அறுத்து, குளிப்பாட்டி, பிள்ளையைத் தாயருகே கிடத்தி, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிங்காரன் வாசலில் துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றான். மகன் பிறந்த சந்தோஷத்தையும் அவனால் சொல்ல முடியவில்லை, காவலர்களைத் தடுத்தும் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அன்று வாய்மூடி நாள்.

செய்தி பொழுது சாய்ந்ததும் உத்தண்டியின் வீட்டுக்கு வந்தது. அவன் மனைவி ஆவுடை உலைப்பானையை இறக்கி வைத்துவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டீங்களா சேதிய? மருதாயிய ஆத்துக்கு அந்தாண்ட தள்ளப் போறாங்களாம்."

"கேட்டேன்."

"நீங்க விளையாட்டா ஒரு ஓலை எழுதுனீங்க. வாயத் தொறந்து செய்ய வேண்டிய வேலையும் நாட்டுல இருக்குன்னு ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல ஆவுடை. நெனைக்கல," என்றான் உத்தண்டி.

மறுநாள் காலையில் சிறைக்குப் போனான். மருதாயி ஒரு மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னத் திட்டு ஆத்தா. எம்மேலதான் தப்பு," என்றான்.

"ஒங்கள எதுக்குய்யா திட்டணும்? ஒங்க நாளுங்க நல்லாத்தான் இருந்துச்சு. செருப்புக்கு நன்றி சொல்லச் சொன்னீங்களே, அன்னைக்கு நான் அழுதேபுட்டேன். முப்பது வருசம் ஒவ்வொரு வீட்டு வாசலா கழட்டிப் போட்டுட்டு ஓடியிருக்கேன், ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அக்கரையும் ஒண்ணுதான், இக்கரையும் ஒண்ணுதான். ஆனா இந்த மாசம் மூணு பேருக்கு நாள் நெருங்குது. குயவர் தெருப் பொண்ணுக்குப் பிள்ள திரும்பி நிக்குது. அத யாரு பாக்கறது? அத மட்டும் ராசாகிட்டச் சொல்லுங்க."

உத்தண்டி நேராகச் சபைக்குப் போனான். பல நாள் கழித்து அவனைச் சபையில் பார்த்ததும் அரசன் நிமிர்ந்தான்.

"மகாராஜா, மருதாயியை அக்கரைக்கு அனுப்ப முடியாது. திருநாளில் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று தங்கள் பாட்டனார் இதோ இந்தத் தூணிலேயே செதுக்கி வைத்திருக்கிறார். இன்று புல்லாங்குழல் திருநாள். நாளையும் திருநாள். தங்கள் கட்டளைப்படி ஆண்டு முழுவதும் திருநாள். தண்டிக்க நாள் ஏது?"

சபையில் ஒரு சலசலப்பு. அரசனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் திரியம்பகர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அருமையான வாதம். ஆகவே, அரசே, நாளை வியாழக்கிழமையைத் தண்டனைத் திருநாள் என்று அறிவிப்போம். தண்டிப்பதே அன்றைய கொண்டாட்டம். பாட்டனார் சொல்லும் மீறப்படாது. ஓலையை நம் விகடகவியே எழுதட்டும். மறுத்தால் அவரும் ஒரு நாளைக் கொண்டாட மறுத்தவராகிறார். மருதாயிக்கு அக்கரையில் துணையாக இருக்கலாம்."

தப்பிக்க வழியில்லாத பொறி. அரசன் உத்தண்டியைப் பார்த்தான். அவன் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பிவிடுவான் என்று எதிர்பார்த்தான்போல. உத்தண்டியோ குனிந்து வணங்கினான்.

"எழுதுகிறேன். ஆனால் திருநாள் என்றால் ஒருவருக்கு மட்டும் நடத்த முடியாது. நாட்டுக்கே நடத்த வேண்டும்," என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து எழுதினான். எழுதியதை உரக்கப் படித்தான்: "வியாழக்கிழமை தண்டனைத் திருநாள். இவ்வாண்டில் எந்த ஒரு நாளையேனும் கொண்டாடத் தவறியவர், அவர் யாராக இருந்தாலும், அக்கரை செல்ல வேண்டும். முதலில் தவறியவர் முதலில். ஒருவரும் விடுபடக் கூடாது."

"மிக நன்று! இப்படித்தான் கண்டிப்பு இருக்க வேண்டும்," என்றார் திரியம்பகர். அரசன் முத்திரை வைத்தான்.

வியாழக்கிழமை காலை சபை நிரம்பி வழிந்தது. மருதாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிங்காரனும் வந்திருந்தான். உத்தண்டி ஒரு கட்டு ஓலையோடு நடுவில் நின்றான்.

"கட்டளைப்படி முதல் ஓலையிலிருந்து வரிசையாக வருகிறேன். முதலில் என் பெயர். மனைவி சொல்வதை மறுக்காத நாளில் காலைக்கஞ்சிக்கு முன்பே தவறினேன். நான் அக்கரை போகிறேன். அடுத்து, சித்திரை ஒன்பது, பகைவனுக்கு வெற்றிலை கொடுக்கும் நாள். திரியம்பகரே, அன்று எனக்கு வெற்றிலை கொடுத்தீரா?"

திரியம்பகர் திடுக்கிட்டார். "உமக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நீர் எனக்குப் பகைவரா என்ன? உம்மேல் எனக்கு அளவில்லாத அன்பு! சபைக்கே தெரியும்."

சபைக்குத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

"கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது," என்றான் உத்தண்டி. "அடுத்த ஓலை சித்திரை பத்து. அன்புக்குரியவரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் நாள். அன்று நானும் ஆவுடையும் குளித்து முழுகிக் காத்திருந்தோம். உம் வீட்டிலிருந்து ஓர் ஆளும் வரவில்லையே?"

சபையில் முதல் சிரிப்பு வெடித்தது. பகைவன் என்றாலும் அக்கரை, அன்பன் என்றாலும் அக்கரை.

"போகட்டும், வாய்மூடி நாளுக்கு வருவோம். சிங்காரா, அன்று உன் வீட்டில் யார் யார் பேசினார்கள்? ஒருவரையும் விடாமல் சொல்."

சிங்காரன் கைகட்டி நின்றான். "மருதாயி ஆத்தா பேசுனாங்க சாமி. அப்புறம் எம்மவன் அழுதான். அப்புறம் இந்த ஐயா வாசல்ல நின்னுக்கிட்டு, 'யாரடா உள்ளே பேசுவது, வெளியே வா'ன்னு மூணு வாட்டி கத்துனாருங்க. காவக்கார அண்ணன் 'பேசாதே'ன்னு கத்துனாரு. நான் மட்டுந்தாங்க பேசல."

"நீயும் தப்பவில்லையப்பா. பிள்ளை பிறந்தால் அன்றே தெருவுக்குச் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கும் நாள் ஒன்று ஆவணியில் வந்தது. வாய்மூடிக்குப் பயந்து நீ அதற்கும் வாயைத் திறக்கவில்லை." உத்தண்டி அரசன் பக்கம் திரும்பினான். "மகாராஜா, இதில் எனக்கு ஒரு சிக்கல். பிறந்து நான்காம் நாள்கூட ஆகாத குற்றவாளி ஒருவன் இருக்கிறான். அவனால் நடக்க முடியாது. தூக்கிக்கொண்டு போகத் தாய் வேண்டும். தாய்க்குப் பத்தியச் சோறு பொங்க ஆள் வேண்டும். பொங்குகிறவளுக்கு மாமியார், மாமியாருக்குப் பசு, பசுவுக்கு இடையன். நேற்று சபை கலைந்ததிலிருந்து தெருத்தெருவாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு நாளையும் தவறாதவர் இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. கோட்டை வாசல் கல்யானை மட்டும் தேறும் என்று நினைத்தேன். வாய்மூடி நாளில் அதைப்போல யாரும் இருந்ததில்லை. ஆனால் சிரிப்பு நாளில் அது சிரிக்கவில்லை. அதையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு அக்கரை போகிறோம். தாங்கள் இங்கே தனியாக ஆளலாம்."

யாரும் சிரிக்கவில்லை இப்போது. எல்லோரும் அரசனைப் பார்த்தார்கள். அரசன் அரியணையிலிருந்து எழுந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"தனியாக இல்லை. நாமும் வருகிறோம்."

"மகாராஜா?"

"வாய்மூடி நாளில் நாமும் பேசினோம், உத்தண்டி. காலையில் எழுந்து உன் இருக்கையைப் பார்த்தோம். காலியாக இருந்தது. 'இவன் இன்னும் எத்தனை நாள் வராமல் இருப்பான்?' என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டோம். அறையில் யாரும் இல்லை. ஆனாலும் பேசியது பேசியதுதானே?"

உத்தண்டி கையிலிருந்த ஓலைக்கட்டைக் கீழே வைத்தான். "அந்த நாளே என் தப்பு, மகாராஜா. தாய்க்குச் சொல்லவேண்டியதை மருதாயி சொன்னாள். அவள் வாயை மூடியிருந்தால் சிங்காரன் வீட்டில் இன்று தொட்டில் கட்டியிருக்க மாட்டார்கள்," என்றான்.

அரசன் இறங்கி வந்தான். தண்டனைச் சட்ட ஓலையை வாங்கி இரண்டாக முறித்தான். மருதாயியின் முன்னால் நின்று, அரசன் என்பதையும் மறந்து, கைகூப்பினான்.

"தாயே, பொறுத்துக்கொள். உனக்கு என்ன வேண்டும், கேள்."

"ஒண்ணும் வேணாம் ராசா. நான் போவலாங்களா? குயவர் தெருப் பொண்ணுக்கு விடியக்காலமே வலி கண்டிருச்சாம்."

"இன்னுமா நிற்கிறாய்? என் தேரை எடுத்துக்கொண்டு போ!" என்று அரசன் கத்தினான். அடுத்த கணம் மருதாயி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். அரசன் தேர் குயவர் தெருச் சந்துக்குள் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டு நின்றதும், அவள் குதித்து ஓடிப்போய் இரட்டைப் பிள்ளைகளை எடுத்ததும் பிற்பகல் செய்தி.

திரியம்பகர் ஒதுங்கி ஒதுங்கித் தூண் மறைவுக்குப் போயிருந்தார். அரசன் அவரைக் கூப்பிட்டான்.

"உமக்கு உத்தண்டிமேல் அளவில்லாத அன்பு என்று சபையறியச் சொன்னீர். நல்லது. ஞாயிற்றுக்கிழமை உம் வீட்டில் விருந்து. உத்தண்டியும் ஆவுடையும் வருவார்கள், நெசவாளர் தெருவும் வரும். தலைவாழையிலை மருதாயிக்கு. பரிமாறுவது நீர். பழையபடி நாற்பத்திரண்டு திருவிழாவையும் நீரே குறித்துக் கொடும். மற்ற நாள்களைச் சட்டம் தொடாது. பிடித்தவர் கொண்டாடட்டும்."

திரியம்பகருக்கு உரிமை திரும்பிய நிம்மதியில் கண்ணே கலங்கிவிட்டது. "பாயசம் இரண்டு வகை போடுகிறேன், அரசே," என்றார்.

சபை கலையும் நேரம். அரசன் பழையபடி உத்தண்டியின் தோளில் கைபோட்டுக்கொண்டு கேட்டான்.

"சரி, நாளைக்கு என்ன நாள்?"

உத்தண்டி ஓலைக்கட்டைப் புரட்டினான். முன்னும் பார்த்தான், பின்னும் பார்த்தான். கட்டை மூடி வைத்தான்.

"வெள்ளிக்கிழமை, மகாராஜா."

அரசன் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். தூணைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் காதுவரை சரியச் சரியச் சிரித்தான். சிரித்து முடித்து மூச்சு வந்ததும் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டுவிட்டு, "நாளைக்கு நேரத்தோடு வந்துவிடு," என்றான்.